சுண்டுவிரல் இல்லாத காலடி

ஆயர் இல்லம்,
4 ஆகஸ்ட் 1991

அன்புள்ள பசிலிசா அக்காவுக்கு,

தம்பி நெமேசியோ எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நான் சுகமாயிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டதே, அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன மாதம் கொடுத்தனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? உன் குதிகால் வெடிப்புக்கும் அதையே தடவிக்கொள். சின்ன வயதிலிருந்து அந்த வெடிப்போடு நடக்கிறாய், ஒருநாள் சிமெண்டு வைத்துத்தான் அடைக்க வேண்டும்.

ஆயர், எங்கள் பிஷப், என் தலையில் ஒரு வேலையைக் கட்டியிருக்கிறார். ஜூன் மாதம் பினுதாஸ் தீவுக்குப் போன படகு கவிழ்ந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அதில் செத்தவர்களில் ஒருவனுக்கு ஜோவெலின் என்று ஒரு மகள், பன்னிரண்டு வயது. புதைத்த மூன்றாம் நாள் அப்பா நனைந்தபடியே வீட்டுக்குள் வந்தார், பழைய சோறு சாப்பிட்டார், உப்பு கேட்டார், போய்விட்டார் என்கிறாள். வாசல் சேற்றில் ஒரு காலடி. அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்கிறார்களாம். விசாரித்து எழுத மூன்று பேரை நியமித்திருக்கிறார்கள். ஒரு பெரிய சாமியார், ஒரு டாக்டர், நான்.

மற்ற இருவரும் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? நம் அப்பாவைப் புதைத்த மூன்றாம் நாள் விடியலில் நீதானே என்னைத் தட்டி எழுப்பினாய்? செத்தவர் வந்துபோனால் தடம் தெரியட்டும் என்று அடுக்களைத் தரையில் ஊர் வழக்கப்படி தூவி வைத்திருந்த சாம்பலில் ஒரே ஒரு இடது காலடி. சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமை. தேங்காய் வெட்டும்போது அப்பாவுக்குக் கத்தி தறித்த அதே விரல். மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து அதைப் பார்த்தாள், பிறகு கஞ்சி கேட்டாள். எனக்கு ஒன்பது வயது. சாமியாராகப் போவது என்று அந்த அடுக்களையில்தான் முடிவு செய்தேன்.

அன்று கண்டதை உன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. அறிக்கையோடு இணைக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும்.

அம்மாவுக்கு முத்தம்.

என்றும் உன் தம்பி,
மெசியோ

*

சான் ரோக்கே,
29 ஆகஸ்ட் 1991

அன்புத் தம்பி மெசியோவுக்கு,

அக்காவும் அம்மாவும் ஆசீரோடு எழுதுவது. நாங்கள் சுகம். தைலம் வந்தது. அம்மா அதை முழங்காலில் தடவுவதைவிட மோந்து பார்ப்பதுதான் அதிகம், மணம் நன்றாயிருக்கிறதாம். உனக்கு இருமல் விட்டதா? அந்த இல்லத்துச் சமையல்காரன் இன்னும் எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறானா?

இங்கே மழை கொட்டுகிறது, கருவாடு காயவில்லை. போதாததற்குக் கோயில் மாதா சிலையின் கறுப்புத் திரையைக் கரப்பான் தின்றுவிட்டது. ஈஸ்டர் உயிர்ப்பு விடியலுக்குள் புதிதாகத் தைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தத் திரைக்கு ஊசி குத்துகிறவள் நான். பவனியில், இறக்கை கட்டித் தேவதூதச் சம்மனசு வேடம் போட்ட குழந்தை ஒரே இழுப்பில் திரையைக் கழற்றவேண்டும், துக்கத்தில் வந்த மாதா தன் மகனை நேருக்குநேர் பார்க்கவேண்டும். இதுவரை ஒரு வருடமும் சிக்கியதில்லை. பக்கத்து வீட்டுப் புரிட்டா, "உனக்கென்னடி, பீரங்கி மாதிரிக் காலை ஊணி நிக்கிறே, ஊசி எப்படி நழுவும்?" என்கிறாள். அப்பன் காலைத் திருடிக்கொண்டு பிறந்தவள் என்று சின்ன வயதில் ஆரம்பித்த கேலி, இன்னும் அவளுக்கு அலுக்கவில்லை.

நீ கேட்டது. அதில் எழுத என்ன இருக்கிறது? உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு வருடமும் நீ பிரசங்கத்தில் சொல்வது எனக்கே மனப்பாடம்.

அந்தப் பெண் சொல்வது பொய் என்று நீங்கள் எழுதினால் அவளை என்ன செய்வார்கள்? அவள் அம்மா எப்படி இருக்கிறாள்? அதை நீ எழுதவே இல்லையே. இன்னொன்றும் கேட்கிறேன், சிரிக்காதே. வேதத்தில் இருக்கிற காட்சியெல்லாம், கல்லறை திறந்தது எல்லாம், எழுதியிருப்பது போலவே அச்சு அசலாக நடந்திருந்தால்தான் உண்மையா? இல்லாவிட்டால் பொய்யா? படித்தவன் நீ, சொல்.

ஐந்து கட்டுக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். ஆயருக்கு ஒன்று கொடு. இரண்டு கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா

*

ஆயர் இல்லம்,
20 செப்டம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இருமல் போய்விட்டது. ஆயருக்கு ஒன்றுதான் கொடுத்தேன், அவரே வந்து இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

நல்ல கேள்வி கேட்டாய். குருமடத்தில் பாதிப்பேர் இதைக் கேட்கப் பயப்படுவார்கள். அக்கா, கல்லறையில் இருந்த சம்மனசு ஒருவர் என்கிறார் ஒரு நற்செய்தியாளர், இருவர் என்கிறார் இன்னொருவர். மதலேன் மரியா உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள். எம்மாவுஸ் ஊருக்குப் போன இரண்டு சீடர்கள் வழியெல்லாம் அவர் கூடவே நடந்தும் அடையாளம் தெரியாமல், அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்டுகொண்டார்கள். கோர்ட்டில் இப்படிச் சாட்சி சொன்னால் வழக்கு தள்ளுபடி. ஆனால் கதவைத் தாழிட்டு ஒளிந்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள் அல்லவா? சாகவும் துணிந்தார்கள் அல்லவா? கல் எப்படி உருண்டது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அப்படியே நடந்ததா என்று கேட்காதே, அது மனிதரை என்ன செய்தது என்று கேள். உண்மை அங்கேதான் இருக்கிறது.

ஜோவெலினைப் பார்த்தேன். மெலிந்த பெண், கண்ணை நேராக வைத்துப் பேசுகிறாள்.

"அப்பாவப் பாத்ததும் பயமா இல்லையா?" என்றேன்.

"அப்பாவப் பாத்து எதுக்குச் சாமி பயப்படணும்? வீட்ல உப்பு தீந்துபோச்சேன்னுதான் பயமா இருந்துச்சு."

பெரிய சாமியார் குறுக்கே வந்தார். "சட்டியில சோறு குறைஞ்சிருந்துதா?"

"குறைஞ்சிருந்துச்சு."

"வீட்ல பூனை உண்டா?"

"உண்டு. ஆனா பூனை உப்பு கேக்காது சாமி."

டாக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ கேட்டாயே, அவள் அம்மா. புருஷன் போனதிலிருந்து பேசவில்லையாம். இப்போது மகள் ஊட்டினால் சாப்பிடுகிறாளாம்.

அந்தப் பெண்ணைக் காப்பாற்ற உன் இரண்டு பக்கம் எனக்கு வேண்டும். கூச்சப்படாதே. உன் பெயரும் ஊரும் வெளியே வராது, அதற்கு நான் பொறுப்பு.

உன் தம்பி,
மெசியோ

*

சான் ரோக்கே,
27 அக்டோபர் 1991

அன்புத் தம்பிக்கு,

இருவரும் சுகம். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நின்று அங்கே அடி, இங்கே அடி என்று ஏவினாள். நீ வருவாயா என்று கேட்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நடந்ததா என்று கேட்காதே, என்ன செய்தது என்று கேள் என்றாயே. அது ஊருக்கா, உனக்குமா? நீயே அப்படி நம்புகிறாயா?

இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றது பிறகு.

அக்கா

*

ஆயர் இல்லம்,
9 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கல்லறைத் திருநாளுக்கு வரமுடியவில்லை, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இங்கே பன்னிரண்டு பூசை.

என்ன அக்கா இது, என்னையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறாய்! நம்புகிறேன். மனதார நம்புகிறேன். போன ஞாயிறு பிரசங்கத்திலும் அதையே சொன்னேன், ஒரு வக்கீல் வந்து கையைப் பிடித்து அழுதார். எனக்கு எந்தச் சாட்சியும் வேண்டாம், மற்ற இருவருக்காகத்தான் கேட்கிறேன்.

இந்த மாதத்துக்குள் எழுதிவிடு. உன் காலில் விழுகிறேன். பெரிய கால், இடம் இருக்கும்.

மெசியோ

*

சான் ரோக்கே,
1 டிசம்பர் 1991

அன்புத் தம்பி மெசியோவுக்கு,

அம்மா சுகம். எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை. நீ சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

இதை நான் சாமியாருக்கு எழுதவில்லை, என் தம்பிக்கு எழுதுகிறேன். அறிக்கையோடு இணைக்க அல்ல.

அந்தச் சாம்பலைத் தூவியது நான். மூன்றாம் நாள் கோழி கூவுமுன் முதலில் எழுந்து பார்த்ததும் நான்தான். சாம்பல் தூவினபடியே இருந்தது. ஒரு பல்லி ஓடின தடம்கூட இல்லை. எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போனால்தான் என்ன? அம்மா பச்சைத் தண்ணீர் தொடாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள். நீ பசியில் ஒரு காய்ந்த மாங்கொட்டையைச் சப்பியபடியே தூங்கிப்போயிருந்தாய். அம்மாவும் போய்விட்டால் உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்குப் பதினைந்து வயது மெசியோ.

என் இடது காலைச் சாம்பலில் வைத்து அழுத்தினேன். ஊரே கேலி செய்த கால்தானே, அப்பாவின் கால் போலவே விழுந்தது. சுண்டுவிரல் பதிந்த இடத்தில் மட்டும், குழம்புக்கு உப்புப் போடுவதுபோல ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தூவி மூடினேன். பிறகு வெளியே போய்க் காலைக் கழுவினேன். உன்னை எழுப்பினேன்.

அம்மா கஞ்சி கேட்டதும் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது. நீ கூத்தாடினாய், "அப்பா வந்தாரு! அப்பா வந்தாரு!" என்று தெருவெல்லாம் ஓடினாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் புரிட்டாவின் அம்மா மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. நீ குருப்பட்டம் வாங்கின அன்று கோயிலில் நான் அழுதது சந்தோஷத்தால் மட்டுமல்ல, பயத்தாலும்தான்.

எது நடந்தது என்பதல்ல, அது என்ன செய்தது என்பதே என்று நீ எழுதியிருக்காவிட்டால் இதை என்னோடு மண்ணுக்குக் கொண்டு போயிருப்பேன். அது அம்மாவைச் சாப்பிட வைத்தது. உன்னைச் சாமியாராக்கியது. கோபமிருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

*

சான் ரோக்கே,
20 ஜனவரி 1992

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். கிறிஸ்து பிறப்புக்கு உன் வாழ்த்து வரவில்லை. தபால் படகு தாமதம் என்று அம்மாவிடம் சொன்னேன். போன வாரம் படகு இரண்டு முறை வந்தது, அதற்கும் ஏதோ சொல்லி வைத்தேன். பொய் சொல்வதில் எனக்குத்தான் பழக்கம் இருக்கிறதே.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

ஆயர் இல்லம்,
12 பிப்ரவரி 1992

அன்புள்ள சகோதரி பசிலிசாவுக்கு,

உங்கள் இரு கடிதங்களும் கிடைத்தன. அம்மா நலம் என்பதில் மகிழ்ச்சி.

கதைகள் அப்படியே நடந்திருக்க வேண்டியதில்லை என்று நான் தாராளமாக எழுதியதை எடுத்துக்காட்டியிருந்தீர்கள். அப்படி எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது தெரியுமா? ஒன்று நடந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் வந்தது. என் கண்ணால் பார்த்த ஒன்று. வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றித் தத்துவம் பேசுவதுபோல் பேசியிருக்கிறேன். இப்போது இலையையே பிடுங்கியாயிற்று.

முப்பத்திரண்டு வருடம். எத்தனை சாவு வீடுகளில் அந்தக் காலடியைச் சொல்லியிருக்கிறேன்! பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், "நான் பார்த்தேன், நம்பு" என்று கையடித்துச் சொல்லியிருக்கிறேன். நம் ஊர்க் கோயிலில் சொன்னபோதெல்லாம் நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துத் தலைகூட ஆட்டினீர்கள். பதினைந்து வயதில் செய்ததை என்னால் மன்னிக்க முடியும். அந்தத் தலையாட்டலை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

பினுதாஸுக்கு மறுபடி போனேன். எதைத் தேடவேண்டும் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. பெட்டியை எடுக்கச் சொல்லி, ஊர் பார்க்க அந்த வீட்டார் ஒவ்வொருவரையும் காலடித் தடத்தில் கால் வைக்கச் சொன்னேன். செத்தவனுடைய தம்பியின் கால் ஏறக்குறையப் பொருந்தியது. டாக்டர், "அண்ணன் தம்பின்னா பொருந்தத்தானே செய்யும்?" என்றார். ஏறக்குறைய என்பதே எனக்குப் போதுமாயிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. "அன்னைக்கு நீங்க மட்டுந்தான் சாமி சிரிக்காம கேட்டீங்க" என்றாள், அவ்வளவுதான்.

அறிக்கை முடிந்தது. காட்சி புனைவு என்று எழுதிவிட்டேன்.

இறைப்பணியில்,
அருட்தந்தை நெமேசியோ

*

சான் ரோக்கே,
16 மார்ச் 1992

மெசியோ,

சுகம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. நீ என்னை நீங்கள் என்று எழுதியதைக்கூட விழுங்கிக்கொண்டேன். கோபத்தில் இருக்கிறான், என்மேல் கோபப்பட அவனுக்கு உரிமை இருக்கிறது, ஆறட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்றுப் பூசையில் ஆயரின் சுற்றறிக்கையை வாசித்தார்கள். எல்லாப் பங்குக் கோயில்களிலும் வாசித்திருப்பார்கள். பொய்க் காட்சிகளைப் பற்றி எச்சரிக்கை. அதில் உன் எழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். "1959இல் சான் ரோக்கேயில், தந்தை இறந்த மூன்றாம் நாள், இந்த அறிக்கையை எழுதுபவரின் சொந்தத் தமக்கையே தன் காலைச் சாம்பலில் பதித்து..." பெயர் போடவில்லை என்பாய். ஊர் போட்டாய், வருடம் போட்டாய். உனக்கு இருப்பது ஒரே அக்கா. வாசித்து முடிக்கவில்லை, முன் வரிசையிலிருந்து புரிட்டா திரும்பி என் காலைப் பார்த்தாள். பிறகு கோயில் முழுவதும் பார்த்தது. நான் பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன், நாற்பத்தேழு வயதில்.

அதே விஷயத்தை நான் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு, முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் சொல்லியிருந்தால், அவர் கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்லியிருக்கமாட்டார். நீயும் யாருடைய பாவத்தையும் சொன்னதில்லை, கொலைகாரனுடையதைக்கூட. கூண்டுக்கு வராமல் தம்பி என்று நம்பி எழுதினேன் பார், அதனால்தான் ஊர் ஊராக வாசிக்கிறார்கள். நான் உன்னை ஏமாற்றியது அம்மாவும் நீயும் சாகக்கூடாது என்று. நீ என்னைக் காட்டிக்கொடுத்தது எதற்காக? ஆணையத்தில் பெயர் வாங்கவா?

சாயங்காலம் புரிட்டாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள்.

"தப்பா நினைக்காத பசிலிசா. மாதாவோட திரையக் குடுத்துரு. பொய்க் கை பட்ட ஊசின்னு சனங்க பேசுது."

"கையில்லடி, கால்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் போனபிறகுதான் அழுதேன்.

கருவாட்டுக்காரிகள் சொல்கிறார்கள், பினுதாஸில் அந்த வீட்டுக் கூரைமேல் கல் விழுகிறதாம். மெழுகுவர்த்தி ஏற்றினவர்களே எறிகிறார்களாம். ஜோவெலின் பள்ளிக்கூடம் போவதில்லை.

அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பசிலிசா

*

ஆயர் இல்லம்,
2 ஏப்ரல் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று முதலில் நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஊரையும் வருடத்தையும் போட்டது தவறிப்போய் அல்ல. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் போட்டேன். சாம்பல் புதனன்று சனங்களின் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அம்மா சாப்பிடுகிறாளா? என்ன சொன்னாள்? அதை மட்டுமாவது எழுது. உயிர்ப்புத் திருநாளுக்கு நான் வரலாமா?

உன் தம்பி,
மெசியோ

*

சான் ரோக்கே,
20 ஏப்ரல் 1992

அன்புத் தம்பி மெசியோவுக்கு,

அம்மாவும் நானும் சுகமாயிருக்கிறோம். உன் காய்ச்சல், அது எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். வரலாமா என்று கேட்டாய். பண்டிகை முடியும்வரை நான் பதில் போடவில்லை. வேண்டுமென்றேதான். உனக்கும் வலிக்கட்டும் என்று.

நேற்று விடியலில் வழக்கம்போல ஆண்கள் உயிர்த்த ஆண்டவரோடு ஆற்றுப் பக்கமிருந்தும், பெண்கள் மாதாவோடு சந்தைப் பக்கமிருந்தும் வந்தார்கள். நானும் அம்மாவும் ஓரமாக நின்றோம். திரைக்குப் புரிட்டா ஊசி குத்தியிருந்தாள். விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஆறு ஊசி. சம்மனசுக் குழந்தை இழுத்தது, வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தது, மாதாவின் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்தாள். வாத்தியம் நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்கு மீன் படாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

அம்மா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "போடி. யாருக்காக நிக்கிறே?"

போனேன். கூட்டம் வழி விட்டது. எல்லாரும் காலைப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்து ஊசியைக் கழற்றினேன், ஒன்றை விட்டேன். குழந்தை காதில், "இப்ப இழு கண்ணு" என்றேன். திரை வந்துவிட்டது. மணி அடித்தார்கள். புரிட்டா என்னைப் பார்த்து அழுதாளா, ஊசி குத்தின வெட்கத்தில் அழுதாளா தெரியாது. நான் இன்னும் அவளோடு பேசவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அம்மா முழுசாக வாயைத் திறந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் அவள் பேசாதது துக்கத்தால் இல்லையாம், உன்மேல் உள்ள கோபத்தாலாம். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி."

எனக்கு நடை நின்றுவிட்டது. "என்ன தெரியும்?"

"நீ காலைக் கழுவினே சரி. உன் குதிகால் வெடிப்பு இருக்கே, அதுக்குள்ள சாம்பல் அப்பிக் கெடந்துச்சு. நான் பாயில படுத்திருக்கேன், நீ அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுறே, என் கண்ணுக்கு நேரா உன் குதிகால்தானே? அப்புறந்தான் எந்திரிச்சு வந்து தடத்தைப் பாத்தேன். உங்கப்பன் நடந்தா முன்பாதம் பதியும். இது குதிகால் பதிஞ்ச கால். புருஷன் கால் பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏம்மா கஞ்சி கேட்டே?"

"செத்தவன் வந்து எனக்கு என்ன பண்ணப்போறான்? நான் செத்துரக் கூடாதுன்னு உசுரோட இருக்கிற ஒருத்தி கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இவ்ளோ மெனக்கெட்டிருக்காளேன்னு நினைச்சேன். வெக்கமா போச்சு. அதான் எந்திரிச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உன் உழைப்பு வீணாப் போயிருமேடி" என்றாள். சிரித்தாள். பிறகு உன்னைச் சொன்னாள். "அவன் சாமியாரானது அந்தச் சாம்பலாலதான்னா, ஊதினா போயிரும், போகட்டும். இல்ல, அது வேற எதாலயாவதுன்னா, அவனே கண்டுபிடிக்கட்டும். ஆனா அக்கா சொன்னதைத் தெருவுல போட்டானே, அதுக்கு என் கையால ஒரு அறை பாக்கி இருக்குன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

மெசியோ, அன்று நீ என்னை நம்பி ஏமாந்தாய், அது உண்மை. இவ்வளவு வருடம் உன் பிரசங்கத்துக்குத் தலையாட்டியதும் உண்மை, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மூன்றாம் நாள் அந்த வீட்டில் ஒருவர் எழுந்தார். என் கண்ணால் பார்த்தேன், நீயும் அங்கேதான் இருந்தாய். சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா எழுந்ததை நீ ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மனது வருவதற்குள் நீ வந்து நின்றாலும் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். அதற்குமேல் இப்போதைக்குக் கேட்காதே. வருவதற்கு முன் ஆயரிடம் போய், பினுதாஸ் அறிக்கையில் நீ எதை வைத்து முடிவு செய்தாய் என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா. அதைச் சொல்லாமல் வந்தால் அந்தச் சோறும் கிடையாது.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நான் பினுதாஸ் படகில் ஏறுகிறேன். அம்மாவும் வருகிறேன் என்று பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜோவெலினுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொண்டு போகிறோம். அவள் அப்பா வந்தாரா வரவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. கூரையில் கல் விழ ஆரம்பித்த பிறகும் அவள் அம்மா சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்கவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா